கொடி தூக்கினா தூக்கட்டும்!

உங்க காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் தேடறீங்கனு வெச்சுக்குங்க. ட்ரையல்ஸுக்கு ஒருத்தர் வந்து நிக்கிறார். ஒல்லி உடம்பு. மின்னல் வேகம்னெல்லாம் சொல்ல முடியாது. நாலு பேரை ஏமாத்தி பந்தைக் கொண்டு போற வித்தையும் கிடையாது. முப்பது கஜத்துல இருந்து வலை கிழியற மாதிரி ஒரு ஷாட்? ம்ஹூம்! டிஃபெண்டர் லேசா உரசினாலே பொத்துனு விழுந்துட்டு, ரெஃப்ரியைப் பரிதாபமா ஒரு லுக் விடறார். பாஸ் கொடுத்தா? பாதி நேரம் ஆஃப்சைடு. லைன்ஸ்மேன் கொடி தூக்கித் தூக்கியே கை வலிச்சுப் போறார்.

எடுப்பீங்களா?

"அடுத்த ஆளு யாருப்பா?"னு கேட்டிருப்பீங்க. நியாயம்தான். ஆனா, அப்படிக் கேட்டிருந்தா இத்தாலி சீரி-ஏ லீக்கில் 156 கோல், ஐரோப்பிய கிளப் போட்டிகளில் 70 கோல், ரெண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பை, ஒரு உலகக் கோப்பை... இத்தனையையும் வாசலோட திருப்பி அனுப்பியிருப்பீங்க பாஸ்!

ஆள் பேர் ஃபிலிப்போ இன்ஸாகி. செல்லமா 'பிப்போ'. இந்த வாரம் நம்ம ஹீரோ அவர்தான்.

ஹீரோனு சொன்னதும் சில பேர் முறைக்கிறது தெரியுது. ஹாலந்து ஜாம்பவான் யோஹன் க்ரைஃப் இவரைப் பத்தி சொன்னதா ஒரு டயலாக் உலகம் பூரா பிரபலம். 'உண்மையைச் சொல்லணும்னா இவருக்கு ஃபுட்பால் ஆடவே தெரியாது. எப்பவும் சரியான இடத்துல நிக்கிறார், அவ்ளோதான்' என்கிற அர்த்தத்தில் வரும். மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் சொன்னதா இன்னொண்ணு: 'இந்தப் பையன் பிறக்கும்போதே ஆஃப்சைடுலதான் பிறந்திருக்கணும்!'

ரெண்டுமே கிண்டல் மாதிரி இருக்கு இல்லையா? ஆனா க்ரைஃப் சொன்னதை இன்னொரு தடவை படிங்க. 'எப்பவும் சரியான இடத்துல நிக்கிறார்.' அடடா... அது என்ன சும்மா வர்ற விஷயமா?

பியாசென்ஸா பையன்

கதையைச் சுருக்கமா ஓட்டிடுவோம். 1973 ஆகஸ்ட் 9-ம் தேதி, வட இத்தாலியில் பியாசென்ஸா என்ற ஊரில் பிறந்தவர். தம்பி சிமோனேவும் ஸ்ட்ரைக்கர். (ஆமாங்க, பிற்பாடு கோச்சாகி இன்டர் மிலனை 2023, 2025 ரெண்டு வருஷமும் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போன அதே சிமோனே இன்ஸாகி.)

சொந்த ஊர் கிளப்பில் ஆரம்பம். 'போய் அனுபவம் கத்துக்கிட்டு வா'னு லெஃபே, வெரோனா என்று கடனுக்கு அனுப்பினாங்க. திரும்பி வந்து 1994-95 சீசனில் இரண்டாம் டிவிஷனில் 15 கோல் போட்டார். பியாசென்ஸா முதல் டிவிஷனுக்கு ஏறியது. அடுத்த வருஷம் பெரிய கிளப்பான பார்மா தூக்கிட்டுப் போனது. அங்கே சரியா எடுபடலை. ஒரே சீசன், பை பை!

1996-ல் அட்லாண்டாவுக்குப் போனார். அங்கேதான் பொறி தட்டியது. 1996-97 சீசனில் 24 கோல். சீரி-ஏ-வின் டாப் ஸ்கோரர். அந்த டீமின் கோச் எமிலியானோ மொண்டோனிகோ இவரைப் பத்தி சொன்னது, க்ரைஃப் சொன்னதை விட எனக்குப் பிடிக்கும். 'இன்ஸாகி கோலைக் காதலிக்கலை, கோல்தான் இன்ஸாகியைக் காதலிக்குது'னார் மனுஷன்!

உடனே யுவென்டஸ் அள்ளிக்கிட்டது. பின்னாடி இருந்து பாஸ் கொடுக்க ஜிடேன், பக்கத்தில் டெல் பியரோ. முதல் சீசனிலேயே 1997-98 லீக் கோப்பை. நாலு சீசனில் 165 மேட்ச், 89 கோல். 2000-ல் டேவிட் ட்ரெஸகே வந்து சேர, இடத்துக்குப் போட்டி வந்தது. 2001-ல் ஏ.சி. மிலன். அங்கே 2012 வரைக்கும் 11 சீசன், 300 மேட்ச், 126 கோல்.

நம்பரெல்லாம் ஓகே. எப்படி அடிச்சார்? அதுதானே மேட்டர்!

கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஆஃப்சைடுனா என்னனு தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. தெரிஞ்சவங்க ஸ்கிப் பண்ணிக்கலாம். உங்க டீம் ஆள் பந்தை உதைக்கிற அந்த நொடியில், எதிரணி பாதியில், பந்துக்கும் முன்னால், எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் தாண்டி கோல் பக்கமா நீங்க நின்னா அது ஆஃப்சைடு நிலை. கடைசி ஆள் வழக்கமா கோல்கீப்பர். அதனால கடைசி டிஃபெண்டரோட முதுகுதான் நடைமுறையில் உங்க கோடு. 1990-ல் ஒரு சின்னத் திருத்தம் வந்தது. அந்த டிஃபெண்டரோட சரிசமமா நின்னா தப்பில்லை.

இதில் ரெண்டு ஓட்டை இருக்கு. பிப்போவின் மொத்த வாழ்க்கையும் அந்த ரெண்டு ஓட்டைக்குள்ளதான்.

ஓட்டை நம்பர் ஒன்: ஆஃப்சைடு நிலையில் சும்மா நிக்கிறது குற்றமே இல்லை. ஆட்டத்தில் தலையிட்டாதான் குற்றம். ஓட்டை நம்பர் டூ: பாஸ் கிளம்புற அந்த நொடி மட்டும்தான் கணக்கு. அதுக்கு முன்னாடி நீங்க எங்கே நின்னீங்க, அப்புறம் எங்கே ஓடினீங்கனு யாரும் கேட்க முடியாது.

ஸோ, பிப்போ என்ன செய்வார்? பந்து நடு மைதானத்தில் சுத்திக்கிட்டு இருக்கும்போது கூச்சமே இல்லாம டிஃபெண்டருக்குப் பின்னாடி போய் நிப்பார். நல்லா ரெண்டு மூணு கஜம் ஆஃப்சைடில். டிஃபெண்டர் பாடு திண்டாட்டம்! பந்தைப் பார்த்தா பிப்போ தெரிய மாட்டார். பிப்போவைத் திரும்பிப் பார்த்தா பந்து தெரியாது. கழுத்து ஒண்ணுதானே இருக்கு!

அங்கே பிர்லோவோ, ரூயி கோஸ்டாவோ, காகாவோ தலை தூக்கிப் பார்ப்பாங்க. அந்தத் தலை அசைவுதான் சிக்னல். பிப்போ சட்டுனு ரெண்டு அடி பின்வாங்கி கோட்டுக்கு வருவார். கோட்டோடயே பக்கவாட்டில் நண்டு மாதிரி ஓடுவார். பாஸ் காலை விட்டுக் கிளம்பறதும் இவர் உடம்பு கோல் பக்கம் திரும்பறதும் ஒரே நேரம். டிஃபெண்டர் திரும்பறதுக்குள்ள இவர் ரெண்டு அடி முன்னாடி. நூறு மீட்டர் ரேஸ்னா தோத்துடுவார். ஆனா இது நூறு மீட்டர் ரேஸ் இல்லையே. முதல் ரெண்டு மீட்டரை யார் முன்னாடி ஆரம்பிக்கிறாங்க என்கிற ரேஸ்!

இன்னொரு வித்தை. தன் டீம் ஆள் கோலை நோக்கி ஷாட் அடிச்சா மத்தவங்க நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. 'போச்சா, போகலையா'னு. பிப்போ அந்த நேரம் ஓடிக்கிட்டு இருப்பார். கீப்பர் பந்தைத் தவறவிடுவார்னு நம்பி, தவறவிடறதுக்கு முன்னாடியே. பத்தில் எட்டு தடவை கீப்பர் பந்தைப் பிடிச்சிடுவார். ஓட்டம் வேஸ்ட். மீதி ரெண்டு தடவை? பந்து அவர் காலடியில் வந்து விழும். டி.வி.யில் பார்க்கறவங்க, "ச்சே... லக்கு மச்சி இவனுக்கு!"

லக்குதான். ஆனா அந்த எட்டு வெட்டி ஓட்டம் கேமராவில் விழலையே!

ஏதென்ஸில் ஒரு ராத்திரி

2005 மே மாசம். இஸ்தான்புல். சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். மிலன் முதல் பாதியில் லிவர்பூலை 3-0 என்று நசுக்குகிறது. ரெண்டாம் பாதியில் லிவர்பூல் 3-3 என்று சமன் செய்து, பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் கோப்பையையும் பறிச்சுக்கிட்டுப் போனது. ஃபுட்பால் பார்க்கிற யாரும் மறக்காத மேட்ச்.

பிப்போ அந்த மேட்ச் ஸ்குவாடிலேயே இல்லை. அந்த ரெண்டு வருஷமும் காயம், ஆபரேஷன், ரெஸ்ட், மறுபடி காயம். முப்பது வயசைத் தாண்டியாச்சு. 'முடிஞ்சுது கதை'னு பலரும் எழுதி வெச்சாச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2007 மே 23. இந்தத் தடவை ஏதென்ஸ். மறுபடி அதே மிலன், அதே லிவர்பூல். ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு ரெண்டு பேர் போட்டி. இளசு ஜிலார்டினோ, 33 வயசு பிப்போ. அந்த சீசன் லீக்கில் பிப்போ போட்ட கோல்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஆனாலும் கோச் ஆன்செலோட்டி பிப்போவை இறக்கினார்.

முதல் பாதி முடியப் போகுது. 45-வது நிமிஷம். மிலனுக்கு ஃப்ரீ கிக். பிர்லோ அடிக்கிறார். கீப்பர் ரெய்னா சரியான பக்கம்தான் நகர்றார். நடுவில் ஓடிக்கிட்டு இருந்த பிப்போவின் தோள்பட்டைப் பக்கம் பந்து பட்டுத் திசை மாறி, வலைக்குள். கோலா அது? கோல்தான். 'தெரிஞ்சு திருப்பினாரா, தெரியாமப் பட்டுதா'னு இன்னிக்கும் பஞ்சாயத்து ஓடுது. ஆனா ஒண்ணு. பந்து படற இடத்துல அவர் இருந்தார்.

82-வது நிமிஷம். காகா கால்ல பந்து. பிப்போ லிவர்பூல் டிஃபென்ஸ் கோட்டின் மேல நகர்ந்துக்கிட்டு இருக்கார். காகா நடுவில் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி ஒரு பாஸ். கோட்டைத் தாண்டி பிப்போ உள்ளே! எல்லா கண்ணும் லைன்ஸ்மேன் மேல. கொடி ஏறலை. ரெய்னாவைச் சுத்திப் போய், ஒடுங்கின கோணத்தில் பந்தை மெதுவா உருட்டி விட்டார். வலையைக் கிழிக்கலை. சும்மா உருண்டு போய்ச் சேர்ந்தது. 2-0. கடைசியில் லிவர்பூலின் கைட் ஒண்ணு திருப்பினார். 2-1. கோப்பை மிலனுக்கு. ஆட்ட நாயகன் யார்னு நான் சொல்லணுமா?

அந்தக் கோலுக்கு அப்புறம் அவர் ஓடின ஓட்டத்தைப் பார்க்கணும். வாயைத் திறந்து, கையை விரிச்சு, கண்ணு ரெண்டும் பிதுங்கி... பைத்தியம் மாதிரி! இத்தனைக்கும் பிப்போ எல்லா கோலுக்கும் அப்படித்தான் ஓடுவார். ரெண்டு அடி தூரத்துல இருந்து முழங்காலால் தட்டி விட்ட கோலுக்கும் அதே அலறல். அதில் நடிப்பு கிடையாது. ஒரு கோலுக்குப் பின்னாடி எத்தனை வெட்டி ஓட்டம் ஓடினோம்னு அவர் ஒருத்தருக்குத்தானே தெரியும்!

கொடியின் விலை என்ன?

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எம்-3 பேப்பர் அளவுக்கெல்லாம் இல்லை.

ஆஃப்சைடில் மாட்டினா என்ன தண்டனை? எதிரணிக்கு ஒரு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். முடிஞ்சுது. மஞ்சள் கார்டு கிடையாது. சிவப்பு கார்டு கிடையாது. எட்டு தடவை மாட்டினா ஒன்பதாவது தடவைக்கு எக்ஸ்ட்ரா தண்டனையும் கிடையாது. அதுவும் எதிரணி அந்த ஃப்ரீ கிக்கை அவங்க கோலுக்குப் பக்கத்துல இருந்துதான் அடிக்கணும். உங்க கோல் எங்கேயோ இருக்கு.

சரியா அமைஞ்சா? கீப்பர் மட்டும்தான் முன்னாடி. கோல்!

ஒரு பக்கம் நஷ்டம் ஏறக்குறைய பூஜ்யம். இன்னொரு பக்கம் லாபம் ஒரு சாம்பியன்ஸ் லீக். அப்போ எத்தனை தடவை ட்ரை பண்ணணும்? கொடி தூக்கறவர் கை வலிக்கிற வரைக்கும்!

இவ்ளோ ஈஸியா இருந்தா எல்லா ஸ்ட்ரைக்கரும் செய்யலாமே, ஏன் செய்யலை? ஏன்னா ஒரு நஷ்டம் இருக்கு. அது ரூல் புக்கில் இல்லை. அம்பதாயிரம் பேர் 'ஊ'னு கத்துவாங்க. சொந்த டீம் ஆளே கையை விரிச்சுக்கிட்டு முறைப்பான். கமென்டேட்டர் சிரிப்பார். மூணாவது தடவை கொடி ஏறினதும் சராசரி மனுஷனுக்கு ஒரு பாதுகாப்பு உணர்ச்சி வந்துடும். 'கொஞ்சம் பின்னாடியே நிப்போம்பா'னு தோணும். அந்தக் 'கொஞ்சம் பின்னாடி'தான் அந்த ரெண்டு மீட்டர். அது போனா பிப்போ வெறும் சராசரி ஆள்.

பிப்போவுக்கு கொடி ஏறினா என்ன செய்வார் தெரியுமா? லைன்ஸ்மேனைப் பார்த்து ரெண்டு கையையும் ஆட்டி அநியாயமேனு புலம்புவார். அடுத்த நிமிஷம் மறுபடி அதே இடத்துல போய் நிப்பார். வெட்கம் என்கிற சாமான் அவர்கிட்ட ஸ்டாக்கே கிடையாது.

'ஸோ நண்பர்களே, தோல்வியே வெற்றிக்கு முதல் படி'னு முடிக்கப் போறேன்னு நினைச்சீங்களா? அதான் இல்லை! தோல்வியில் ரெண்டு ரகம் இருக்கு. மலிவு ரகம், காஸ்ட்லி ரகம். பிப்போ நடு மைதானத்தில் பந்தை வெச்சுக்கிட்டு மூணு பேரை ஏமாத்த ட்ரை பண்ணி நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. அங்கே பந்து பறிபோனா எதிரணி நேரா நம்ம கோலுக்கு வந்துடும். அது காஸ்ட்லி தோல்வி. அந்த ரிஸ்க்கை அவர் எடுக்கவே மாட்டார். அங்கே ஒரே டச், பக்கத்து ஆளுக்குக் கொடுத்துட்டு கிளம்பிடுவார். எங்கே தோத்தா காசு போகாதோ, அங்கே மட்டும் திரும்பத் திரும்பத் தோப்பார். தைரியம்னா கண்ணை மூடிக்கிட்டுக் குதிக்கிறது இல்லை. எந்தப் பள்ளம் முழங்கால் ஆழம்னு பார்த்து வெச்சுக்கிட்டுக் குதிக்கிறது.

கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனி கழட்டி விட்டா என்ன நஷ்டம்? பஸ் காசு, ஒரு இஸ்திரி போட்ட சட்டை. செமினாரில் கை தூக்கி ஒரு அசட்டுக் கேள்வி கேட்டா? கடைசி பெஞ்ச் சிரிக்கும், மதியம் சாப்பாட்டுக்குள்ள மறந்துடும். ரூல் புக்கைத் திறந்து பாருங்க பாஸ், இதுக்கெல்லாம் கார்டே கிடையாது! நாமதான் ஒரு கொடிக்கே சிவப்பு கார்டு வாங்கின மாதிரி மைதானத்தை விட்டு வெளியே போய்டறோம். அதே சமயம், பரீட்சைக்குப் படிக்காம 'பிப்போ பாணி'னு சொல்லிக்கிட்டு போய் உட்கார்ந்தா... அது நடு மைதானத்துல பந்தைத் தொலைக்கிற ரகம். என்னைக் கேட்காதீங்க!

சுயநலக்காரரா?

பிப்போ மேல இருக்கிற பெரிய புகார் இது. ஆதாரமும் இருக்கு.

2006 உலகக் கோப்பை. ஜெர்மனி, ஹாம்பர்க் நகரம். செக் குடியரசுக்கு எதிரான மேட்ச். அந்தத் தொடரில் பிப்போவுக்குக் கிடைச்ச ஒரே மேட்ச் அது. அதுவும் மாற்று ஆட்டக்காரராக. 87-வது நிமிஷம். ஆஃப்சைடு கோட்டை உடைச்சுக்கிட்டு பாதி மைதானத்தையும் ஓடி வர்றார். முன்னாடி கீப்பர் பீட்டர் செக் மட்டும். பக்கத்துலயே சக வீரர் பரோனே தனியா, கைக்கு எட்டற தூரத்தில், கூடவே ஓடி வர்றார். ஒரு சின்னத் தட்டு தட்டினா பரோனே காலி வலையில் போட்டுடுவார்.

தட்டினாரா? ஹே... யார்கிட்ட! செக்கைச் சுத்திப் போய் தானே போட்டார். 2-0. பாவம் பரோனே, கூடவே ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டார். இத்தாலி அந்த வருஷம் உலகக் கோப்பையையே ஜெயிச்சதால் யாரும் பெருசா எடுத்துக்கலை.

நியாயமா பார்த்தா கொடுத்திருக்கலாம். இதில் பிப்போவுக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. ஆனா, இன்னொரு கோலையும் சேர்த்துப் பார்க்கணும்.

2003 ஏப்ரல். சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி. மிலன் சொந்த மைதானத்தில் ஆயாக்ஸோட 2-2. முதல் மேட்ச் 0-0. அப்படியே முடிஞ்சா வெளி மைதான கோல் கணக்கில் மிலன் அவுட். இஞ்சுரி டைம். நீளமா ஒரு பந்து வருது. பிப்போ கோட்டை உடைச்சு ஓடி, முன்னேறி வந்த கீப்பர் தலைக்கு மேல பந்தைத் தூக்கி விட்டார். பந்து காலி வலையை நோக்கி மெதுவா போகுது. கோட்டுக்கு ஒரு அடி முன்னால் சக வீரர் தோமாஸன் ஓடி வந்து ஒரு தட்டு! 3-2. பதிவேட்டில் கோல் தோமாஸன் பேரில். கோல் வெறி பிடிச்ச பிப்போவிடமிருந்து ஒரு கோல் திருட்டுப் போச்சு! மனுஷன் என்ன செய்தார்? தன் கோல் மாதிரியே அலறிக்கிட்டு ஓடினார். அந்த வருஷம் மிலன் ஃபைனலில் அவருடைய பழைய கிளப்பான யுவென்டஸையே பெனால்ட்டியில் ஜெயிச்சு கோப்பையைத் தூக்கியது.

37 வயசுக் கள்ளத்தனம்

2010 நவம்பர் 3. மிலன் மைதானத்துக்கு ரியல் மாட்ரிட் வருது. கோச் மொரினியோ, டீமில் ரொனால்டோ, கோல் போஸ்ட்டில் காஸியாஸ். மாட்ரிட் 1-0 முன்னணி. 60-வது நிமிஷம் ரொனால்டினியோவை வெளியே எடுத்துட்டு 37 வயசு பிப்போவை இறக்கறாங்க.

68-வது நிமிஷம், காஸியாஸ் கையிலிருந்து நழுவின பந்து. யார் அங்கே? பிப்போ! தலையால் முட்டினார். 1-1. பத்து நிமிஷம் கழிச்சு கத்தூஸோ தட்டிவிட்ட பந்து, கோட்டைத் தாண்டி பிப்போ, 2-1. ஐரோப்பிய கிளப் போட்டிகளில் அவருடைய 70-வது கோல். அரங்கமே ஆடியது. கடைசி நிமிஷத்தில் மாட்ரிட் 2-2 ஆக்கியது வேற கதை.

அந்த ரெண்டாவது கோல் ஆஃப்சைடு. ரீப்ளேயில் தெளிவாத் தெரிஞ்சுது. கொடி மட்டும் ஏறலை.

இன்னிக்கு வி.ஏ.ஆர். வந்தாச்சு. இத்தாலி லீக்கில் 2017-லேயே, உலகக் கோப்பையில் 2018-ல். 2022 கத்தார் உலகக் கோப்பையில் கேமராவும் கம்ப்யூட்டரும் சேர்ந்து தோள்பட்டை, முழங்கால் வரைக்கும் கோடு போட்டு அளந்தன. 'பிப்போ இந்தக் காலத்துல பிறந்திருந்தா காலி'னு சொல்றவங்க உண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அந்த மாட்ரிட் கோல் போயிருக்கும். ஆனா சரியான ஓட்டத்துக்கும் தப்பா ஏறின கொடிகள் எத்தனையோ! 'இந்த ஆளா... ஆஃப்சைடாத்தான் இருக்கும்'னு பேரைப் பார்த்தே லைன்ஸ்மேன் கை தானா தூக்கியிருக்கும். மெஷினுக்கு அந்தப் பழைய ரெக்கார்டெல்லாம் தெரியாதே.

அந்த மேட்ச் முடிஞ்சு சரியா ஒரே வாரம். நவம்பர் 10, பலெர்மோவுக்கு எதிரான மேட்சில் முழங்கால் தசைநார் போச்சு. 37 வயசில்! வேற யாராவதா இருந்தா அன்னிக்கே ரிட்டயர்மென்ட். பிப்போ ஆறு மாசத்தில் திரும்ப வந்தார். ஆனா காலம் யாரை விட்டது? 2011-ல் சாம்பியன்ஸ் லீக் முதல் சுற்றுப் பட்டியலிலேயே மிலன் அவர் பேரைச் சேர்க்கலை. அந்தப் போட்டியில் அத்தனை கோல் போட்ட ஆள், கேலரியில் உட்கார்ந்து பார்த்தார்.

2012 மே 13. நொவாராவுடன் சீசனின் கடைசி மேட்ச். நெஸ்டா, கத்தூஸோ எல்லோரும் விடைபெறும் நாள். ரெண்டாம் பாதியில் பிப்போ உள்ளே வந்தார். 82-வது நிமிஷம் ஸீடார்ஃப் உயரமா ஒரு பாஸ். ஸ்டிரெய்ட்டா கோட்டைத் தாண்டி, நெஞ்சில் வாங்கி, தரையில் விழறதுக்குள்ள ஒரு உதை. கோல்! மிலன் 2-1. இதுதான் அவர் அடிச்ச கடைசி கோல். 38 வயசில், அதே கோடு, அதே ஓட்டம், அதே அலறல். இந்தத் தடவை கண்ணில் தண்ணியோட.

அப்புறம்?

கோச் ஆனார். 2014-ல் மிலனுக்கே தலைமை கோச். டீம் பத்தாவது இடத்தில் முடிச்சது, ஒரே சீசனில் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிப்போ என்ன செய்திருப்பார்னு இப்போ உங்களுக்கே தெரியும். மூணாம் டிவிஷனில் இருந்த வெனிஸியாவுக்குப் போய் 2017-ல் அதை மேலே ஏத்தினார். பெனவென்டோவை 2020-ல் முதல் டிவிஷனுக்குக் கொண்டு வந்தார். நடுவில் பொலோன்யா, ப்ரெஷியா, சலெர்னிடானா என்று நீக்கத்துக்கும் குறைச்சல் இல்லை. கொடி ஏறிக்கிட்டேதான் இருந்தது! 2025-ல் பீஸா டீமை 34 வருஷத்துக்கு அப்புறம் சீரி-ஏ-வுக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்தார்.

சரி, இந்த வார ஹோம்வொர்க். ஏதென்ஸ் ஃபைனலின் 82-வது நிமிஷத்தைத் தேடிப் பாருங்க. முதல் தடவை எல்லாரையும் போல பந்தைப் பாருங்க. ரெண்டாவது தடவை பந்தை விட்டுடுங்க. காகா எங்கேயோ போகட்டும். திரையின் ஓரத்தில், டிஃபெண்டர் முதுகுக்குப் பின்னாடி, ஒரு ஒல்லி ஆள் ரெண்டு அடி முன்னால், ஒரு அடி பின்னால்னு ஆடிக்கிட்டு இருப்பார். பந்து அவர்கிட்ட வரப் போறது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. வராமலும் போகலாம்னு அவருக்கும் தெரியும்.

அந்த ஆளைப் பாருங்க. அடுத்த வாரம் வேற ஒரு ஆளோட சந்திப்போம்!